எபாக்சிக்குக் குடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் துளி வடிவக் கேரவன் செய்து முடித்த செய்தியைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன மர வீடு அது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இலை நுனியில் தொங்கும் நீர்த்துளியைப் படுக்க வைத்தது போல இருக்கும். படத்தைக் கண்டதும் அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் அதே வடிவம்தான். தமிழ்ப் பத்திரிகையில் அதைப் பார்ப்பது எனக்கு இதுவே முதல் முறை. அந்தத் தம்பியின் மூட்டு வேலை சுத்தமாக இருக்கிறது. கதவின் வளைவை எங்கும் தடுமாறாமல் அறுத்திருக்கிறார். நல்ல கை.

செய்தியின் கடைசிப் பத்திதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எபாக்சி (பிசினையும் அதை இறுக வைக்கும் கடினமாக்கியையும் கலந்து மரத்தில் பூசும் தெளிவான பூச்சு) இரண்டு கோட் பூசியாகிவிட்டதால் இனி வெயிலும் மழையும் மரத்தை ஒன்றும் செய்ய முடியாது, வார்னிஷ் தேவையில்லை என்ற பொருளில் எழுதியிருந்தது. எழுதிய நிருபர் மீது எனக்கு வருத்தமில்லை. எபாக்சியைப் பற்றிப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2013-இல் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதைப் படித்துவிட்டு இன்னும் சிலர் பலகை வாங்கக் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடமிருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

நான் தச்சன். சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். மேசை, அலமாரி, கதவு என்று 41 ஆண்டுகள் பட்டறைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அம்மா விடாமல் மாலைப் பள்ளிக்கு அனுப்பியதால் தமிழ் எழுத வந்தது. மரத்தைப் பற்றிய முதல் பாடம் அப்பாவிடம் படித்தேன். டர்பன் துறைமுக விரிகுடாவில் வலை இழுத்த நம்மவர்களில் அவரும் ஒருவர். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி மீன் இந்தக் கரையோரம் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். அதற்கு முன்பாகப் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, பழைய தாரைச் சுரண்டி, பலகை இணைப்புகளில் தாரில் தோய்த்த திரியை உளி வைத்து அடித்து இறக்குவார்கள். கலப்பத்து அடிப்பது என்பார் அப்பா. அதைத் தொடங்குமுன் ஒவ்வொரு பலகையின் முனையிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பார். நகம் இறங்கினால் அந்தப் பலகை போனதுதான். நடுப்பலகையைத் தொடவே மாட்டார். ஏனென்று கேட்டேன். மரம் தண்ணீரை வாயால் குடிக்கும், வயிற்றால் குடிக்காது என்றார். ரேகைக்குக் குறுக்கே வெட்டுப்பட்ட முனையைத்தான் அவர் வாய் என்றார். இந்த ஒரு பேச்சை நான் சரியாக நினைவில் வைத்திருந்தால் எனக்கு நான்கு மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

துளி வடிவ வண்டி 1930-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பலர் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். பிளைவுட் தாளின் அளவை ஒட்டியே வண்டியின் அளவும் அமைகிறது. இங்கே ஒரு தாள் 2440 மில்லிமீட்டர் நீளம், 1220 அகலம். பக்கத்துக்கு ஒரு தாளாக இரண்டு தாளில் இரண்டு சுவரும் முடிந்துவிடும். உள்ளே இருவர் படுக்கலாம், உட்காரலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. நான் வாங்கியது ஒக்குமே என்ற ஆப்பிரிக்க மரத்தில் செய்த மரைன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டியது. விளிம்புச் சட்டங்களுக்கும் கதவு நிலைக்கும் இந்த நாட்டுக் கியாட் மரம் போட்டேன். கியாட்டை நம் வேங்கையின் பங்காளி என்று சொல்லலாம். இரண்டும் ஒரே பேரினம், வெட்டினால் இரண்டுமே இரத்தம் போலச் சிவந்த பிசின் வடிக்கும். உளிக்கு இணக்கமான மரம். அடிச்சட்டத்தையும் அச்சையும் மட்டும் உரிமம் பெற்ற பட்டறையில் செய்ய வைத்தேன். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி நிறுத்தால் 460 கிலோ. இந்நாட்டில் மொத்த எடை 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லரைச் சாதாரணக் கார் ஓட்டுநர் உரிமத்தோடு இழுத்துச் செல்லலாம்.

2013 செப்டம்பரில் வெளிப்புறம் முழுவதும் கண்ணாடி நார்த்துணி விரித்து, எபாக்சி மூன்று கோட் பூசினேன். காய்ந்ததும் ஒக்குமேயின் இளஞ்சிவப்பு ரேகை தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வார்னிஷ் டப்பா வாங்கி வைத்திருந்தேன், திறக்கவில்லை. இத்தனை தெளிவாக இருப்பதன் மேல் இன்னொன்றைப் பூசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இங்கே டிசம்பரும் ஜனவரியும் கோடை. முதல் கோடையிலேயே கூரை மஞ்சளித்தது. தேன் நிறம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இரண்டாம் கோடையில் பளபளப்பு செத்துப்போனது. கூரையைத் தடவினால் உள்ளங்கையில் விபூதி போல வெள்ளைப் பொடி ஒட்டியது. எபாக்சியின் மேல்தோல் வெயிலில் சிதைந்து உதிர்ந்துகொண்டிருந்தது. 2015-இல் மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் பின்மூடியைத் தூக்கும்போது பழைய ஈரச் சாக்கின் நாற்றம் வந்தது. மூடியைத் தாங்கும் நீளக் கீலில் பதினொரு திருகுகள். அவற்றில் நான்கைச் சுற்றி, தெளிவான பூச்சுக்கு அடியில், மை சிந்தியது போலக் கருப்பு வட்டங்கள். மூன்றாவது திருகுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தேன். இறங்கியது. திருகைக் கழற்றினால் பல்லில் மரம் ஒன்றுமே ஒட்டி வரவில்லை, கருப்புக் கூழ்தான் வந்தது. அந்த இடத்தில் பிளைவுட்டின் அடுக்குகள் மழையில் ஊறிய அட்டை போலப் பிரிந்து கிடந்தன.

வெயில் ஒரு வழியாகவும் தண்ணீர் இன்னொரு வழியாகவும் வந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொண்டால்தான் வேலை சரியாக நடக்கும். எபாக்சி தண்ணீரைத் தடுப்பதில் கெட்டி, ஈரக் காற்றைக் கூட எளிதில் உள்ளே விடாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது; நாளடைவில் அதன் கட்டமைப்பையே அறுத்துவிடும். நல்ல மரைன் வார்னிஷ் ஈரத்தைத் தடுப்பதில் எபாக்சிக்கு ஈடாகாது. ஆனால் அதில் அந்தக் கதிரை உறிஞ்சும் சரக்கு கலந்திருக்கிறது. வெயிலை வார்னிஷ் தன்மேல் வாங்கிக்கொண்டு தானே தேய்ந்துபோகும், அடியில் எபாக்சி பிழைத்திருக்கும். தேய்ந்ததை மறுபடி பூசிக்கொள்ளலாம். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. கோவை வடக்கே 11 பாகையில்தான். அந்தத் தம்பியின் வண்டி மேல் விழும் வெயில் என் வண்டியைக் கெடுத்த வெயிலை விடக் கடுமையானது.

இனித் திருகு ஓட்டை. எபாக்சி பூசி முடித்த பலகையில் டிரில் போட்டுத் திருகை முறுக்கினால், பூச்சைக் குத்திப் பூசாத வெறும் மரத்தைத் திறந்துவிடுகிறோம். அங்கே வெட்டுப்பட்ட ரேகைகளின் வாய் ஒன்றல்ல, நூறு திறந்திருக்கும். இப்போது நான் செய்வது இதுதான். திருகின் கனத்தைப் போல இரண்டு மடங்கு ஓட்டை போடுவேன். மறுபக்கம் துளைத்துவிடாமல் அடியில் கொஞ்சம் மரத்தை விட்டுவிடுவேன். ஓட்டைக்குள் முதலில் வெறும் எபாக்சியைச் சொட்டவிட்டு மரத்தை நன்றாகக் குடிக்கவிடுவேன். பிறகு சிலிக்காத் தூள் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத இட்லி மாவுப் பதத்தில் எபாக்சியைக் குழைத்து அடைப்பேன். அது இறுகிய பிறகு அதன் நடுவில் திருகுக்கான சின்ன ஓட்டை. இப்போது திருகு மரத்தைத் தொடுவதே இல்லை. தண்ணீர் திருகு வழியே இறங்கினாலும் எபாக்சிச் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். கீல், விளக்கு, கதவுப் பூட்டு, காற்றுத் துளை என்று என் வண்டியில் இப்படி 94 ஓட்டைகள். இரண்டு வார வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

பிளைவுட்டின் அறுபட்ட விளிம்புகளும் வாய்தான். முதல் கோட்டை உறிஞ்சிவிட்டு உலர்ந்தது போல நிற்கும். அது இழுக்கிற வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று முறையாவது. வண்டியின் அடிப்பலகையை அடிச்சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே கவிழ்த்துப் போட்டுப் பூசிவிட வேண்டும். பிறகு அங்கே கை போகாது.

கெட்டுப்போன பழைய எபாக்சியை உரிக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடித்துச் சுரண்டினேன். சூடு பட்டதும் அது தோல் போல இளகி வந்தது. வீட்டில் கலந்து பூசும் எபாக்சி 50, 60 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும் என்பதை அப்போது கண்ணால் பார்த்தேன். கருப்பு, கரும்பழுப்புச் சாயம் ஏற்றிய கூரை நடுப்பகல் வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும். அழகுக்காகக் கருஞ்சாயம் தேய்க்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். என் பின்மூடியை முழுவதுமாகக் கழற்றிப் புதிதாகச் செய்தேன். மற்ற இடங்களில் மரம் நன்றாகவே இருந்தது.

இரண்டாம் முறை காலத்தைப் பார்த்துத் தொடங்கினேன். டர்பனில் கோடை ஈரக்காற்று; மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காலம். ஆனால் அந்த மாதங்களில் சில நாள் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து அனல் காற்று இறங்கும். மதியத்துக்குள் 30 பாகையைத் தாண்டும். அது ஓய்ந்ததும் குளிர்ந்த ஈரக் காற்று திரும்பி வரும். அந்த நாட்களில் டப்பாவைத் திறக்கவே கூடாது. மற்ற நாட்களில் எபாக்சிக்கு ஏற்றது சாயங்காலம். மரத்துக்குள் காற்று இருக்கிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து பூச்சுக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எபாக்சியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று மணிக்குக் கலந்து ஐந்து மணிக்குள் ஒரு பக்கத்தை முடிப்பேன்.

கலக்கும் விஷயத்தில் என்னைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாலியெஸ்டர் பிசினில் கடினமாக்கியைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் நிதானமாக இறுகும். எபாக்சியில் அந்த விளையாட்டு நடக்காது. பிசினும் கடினமாக்கியும் ஒன்றோடொன்று கணக்காகச் சேர்ந்தால்தான் இறுகும். எது மிஞ்சினாலும் அது அப்படியே பிசுபிசுவென்று உள்ளே தங்கிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் கொள்ளளவுக்கா எடைக்கா என்று படித்துப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. நான் சமையல் தராசில் நிறுத்தேன். கலந்ததை ஆழமான குவளையில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். ஒருமுறை 300 கிராம் கலந்த பிளாஸ்டிக் குவளை என் கண் முன்னே குழைந்து சாய்ந்தது. கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

அடுத்தது, நார்த்துணி. விரிக்கும்போது வெள்ளையாக இருக்கும் துணி, எபாக்சி ஏறியதும் கண்ணெதிரே மறைந்து மரம் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிமிடம் எனக்கு இன்றும் பிடித்த நிமிடம். அங்கே ஆசைப்பட்டு அதிகம் ஊற்றிவிடக் கூடாது. மிஞ்சினால் துணி மரத்தை விட்டு மிதக்கும். ரப்பர் பட்டையால் மென்மையாக வழித்து, துணியின் நெசவு தெரிகிற அளவுக்கு விட்டுவிட வேண்டும். நெசவை நிரப்ப அடுத்த இரண்டு கோட் இருக்கிறது. என் வண்டிக்கு உள்ளும் புறமும் சேர்த்து 9 கிலோ எபாக்சி ஆனது.

மறுநாள் காலையில் பூச்சைத் தடவிப் பார்த்தால் சில சமயம் மெழுகு தேய்த்தது போல வழுக்கும். ஈரக் காற்றில் எபாக்சியின் மேல் படியும் படலம் அது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கைதான் சொல்லும். அதன் மேலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு பூசும் வார்னிஷ் அங்கே ஒட்டாது, காயாது. முதலில் வெறும் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பிறகு சுத்தத் துணி. இரண்டு முறை கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

செய்தியோடு வந்த படத்தில் அந்தத் தம்பி வெறுங்கையோடு எபாக்சி பூசிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்து எனக்குப் பதைத்தது. என் மைத்துனர் முதல் வண்டி செய்யும்போது எனக்கு உதவ வந்தார். கையுறை வேலைக்கு இடைஞ்சல் என்று போடவில்லை. கையில் ஒட்டியதை அசிட்டோன் ஊற்றிக் கழுவினார். மூன்றாவது வாரம் இரண்டு முன்னங்கையிலும் செந்தடிப்பு. கண் இமைகள் வீங்கி ஒருநாள் முழுவதும் பார்க்க முடியாமல் இருந்தார். இன்றைக்கும் எபாக்சி டப்பா திறந்திருக்கும் அறைக்குள் நுழைந்தால் அவர் கழுத்தில் தடிப்பு எழும்புகிறது. ஒருமுறை உடம்பு எபாக்சியை எதிரியாக எடுத்துக்கொண்டால் அது பிறகு விடுவதில்லை. அசிட்டோன் அதைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டு போகும். நைட்ரைல் கையுறை போடுங்கள். முழுவதும் இறுகாத எபாக்சியைத் தேய்த்துப் பறக்கும் தூசியும் அதே கெடுதலைச் செய்யும், அதனால் முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடக் கூடாது. கையில் பட்டுவிட்டால் உடனே துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் தம்பிக்கு இதை மட்டுமாவது நேரில் தெரிவித்துவிடுங்கள்.

எபாக்சி கடைசிக் கோட் முடிந்து ஒரு வாரம் முழுதாக விட்டேன். அதற்கு முன் தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் முழுவதும் இறுகாத எபாக்சியின் மேல் சில எண்ணெய் வார்னிஷ்கள் காயாமல் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். எந்த வார்னிஷ் வாங்கினாலும் அதே எபாக்சி பூசிய துண்டுப் பலகையில் முதலில் பூசிப் பார்ப்பது நல்லது. கப்பல் பாய்மரத் தண்டுகளுக்கென்று உண்டான எண்ணெய் மிகுந்த வார்னிஷையே நான் எடுத்தேன். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் மரத்தோடு சேர்ந்து அதுவும் இழுபடும். வீட்டுக்குள் மேசைக்குப் பூசும் வார்னிஷ் வெளியே நின்றால் இறுகி வெடிக்கும்.

220 எண் உப்புத்தாளால் எபாக்சியின் மினுமினுப்பு முழுவதும் போகிற வரைக்கும் தேய்த்தேன். கண்ணாடி போல இருந்ததைக் கையாலேயே பால் கலந்த தண்ணீர் போல மங்கச் செய்வது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மங்கினால்தான் வார்னிஷ் பிடித்துக்கொள்ளும். மினுங்கும் பள்ளம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. விளக்கைத் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எபாக்சிக்குச் சாயங்காலம் என்றால் வார்னிஷுக்குக் காலை. இங்கே இருட்டியதும் பனி இறங்கும். ஈரமான வார்னிஷ் மேல் பனி பட்டால் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். அதனால் வாசலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கி, ஒரு மணிக்குள் பிரஷைக் கீழே வைத்துவிடுவேன். வார்னிஷ் டப்பாவைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைக் குமிழ் உள்ளே போய்விடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வேண்டிய அளவு மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வேன். நுரைப்பஞ்சு பிரஷில் தொட்டு, ரேகைக்குக் குறுக்கே ஒரு முறை பரப்பி, பிறகு பிரஷின் நுனி மட்டும் படும்படி ரேகையோடு ஒரே இழுப்பில் இழுத்து விட வேண்டும். இழுத்தது இழுத்ததுதான். அங்கே ஒரு முடி விழுந்திருக்கிறது, இங்கே ஒரு கோடு தெரிகிறது என்று திரும்பிப் போகக் கூடாது. வார்னிஷ் தானே சமமாகிக்கொள்ளும். தொந்தரவு செய்தால்தான் தடம் விழும். முடியை நாளைக்கு உப்புத்தாளில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு கோட் பூசினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு, 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தேன். முதல் இரண்டு கோட்டில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கோட்டில் கியாட் சட்டங்கள் சிவந்து எழுந்தன. ஐந்தாவது கோட் காய்ந்த காலையில் என் பேத்தி அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டாள். மொத்தம் ஐந்து லிட்டர் செலவானது. வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

வண்டியின் உட்புறத்துக்கும் ஒரு வார்த்தை. அங்கே வெயில் இல்லை, ஆனால் இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு குளிர்ந்த சுவரில் வேர்த்து வடியும். உள்ளேயும் எபாக்சி பூசித்தான் ஆக வேண்டும். மேலே காற்றுத் துளையும் வேண்டும்.

2016 ஆகஸ்டில் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனோம். விடியற்காலையில் புல் முழுவதும் உறைபனி. எங்கள் கூரையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஏழரை மணிக்கு வெயில் பட்டதும் அது முத்து முத்தாகத் திரண்டு, வார்னிஷில் ஒட்டாமல் பின்மூடியின் சரிவில் ஓடி இறங்கியது. கீலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. மனைவி பின்னால் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. மலைப்பக்கத்துக் கேரவன் முகாம்களில் அந்தக் காலத்தில் எங்களுக்கு இடமில்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அப்பா 1987-இல் காலமாகிவிட்டார். கடலோரத்திலேயே வாழ்ந்தவர், இந்த மலைகளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் கொட்டிய மழையைத் தாங்களும் செய்தியாக வெளியிட்டிருப்பீர்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவர் இரவில் சரிந்து, படுக்கையறைக்குள் முழங்கால் அளவு சேறு புகுந்தது. அந்த வீட்டின் இரண்டு சிறுமிகளும் ஐந்து இரவுகள் எங்கள் வண்டியில்தான் தூங்கினார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, மின்சாரமும் இல்லை. பின்மூடிக்குக் கீழே கேஸ் அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பருப்பும் சோறும் வெந்தன. அந்த மழை முழுவதையும் வாங்கிக்கொண்டு வண்டி திறந்த வாசலில் நின்றது. ஐந்தாம் நாள் மெத்தையைத் தூக்கி அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். எங்கும் இறங்கவில்லை.

வார்னிஷ் ஒருமுறை பூசி விட்டுவிடுகிற காரியம் இல்லை. பளபளப்பு குறையத் தொடங்கும்போதே இலேசாகத் தேய்த்து இரண்டு கோட் ஏற்றிவிட வேண்டும். எபாக்சி மஞ்சளிக்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் செய்கிறேன். கூரைக்கு மட்டும் ஆண்டுதோறும். கோவையில் எந்த மாதம் வறண்ட மாதம் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒதுக்கினால் போதும்.

ஆகவே, அந்தச் செய்திக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பியின் வண்டியில் எபாக்சி இன்னும் புதிதாகத்தான் இருக்கும், இப்போது வார்னிஷ் ஏற்றினாலும் தாமதமில்லை. கழுவி, 220 எண் தாள் போட்டு, ஆறு கோட். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பின்மூடியைத் தூக்கி, கீலின் ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்க்கட்டும். எங்காவது இறங்கினால் தங்கள் அலுவலகத்தின் வழியாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். திருகு அளவையும் பலகைக் கனத்தையும் குறிப்பிட்டால், ஓட்டையை எந்த அளவில் போட்டு எப்படி அடைப்பது என்று படம் போட்டே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.